கிங்ஸ் கிராஸ் நிலத்தடி இரயில் நிலையம்: அமைப்பு உருவான வரலாறும் 1987ஆம் ஆண்டுத் தீவிபத்தும்

ஆய்வுச் சுருக்கம்

இலண்டன் மாநகரின் கிங்ஸ் கிராஸ் செயின்ட் பாங்கிராஸ் நிலத்தடி இரயில் நிலையம் ஒரே திட்டத்தின்படி கட்டப்பட்டதன்று. 1863 முதல் 1968 வரையிலான காலத்தில் வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு ஆழங்களில் தோண்டிய பாதைகள் பின்னர் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு உருவானது அது. 1987 நவம்பர் 18 அன்று அங்கு நிகழ்ந்த தீவிபத்தில் 31 பேர் உயிரிழந்தனர். இவ்விபத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் தீக்குச்சி, மரப்படிக்கட்டு, மேலாண்மைக் குறை என்னும் மூன்றோடு நின்றுவிடுகிறது. ஆழத்திலிருந்து மேலேறும் வழிகள் எவ்வாறு ஒரே கூடத்தில் வந்து முடியலாயின என்னும் வினாவை நிலையத்தின் வரலாற்றின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நிலத்தடி இரயில், இலண்டன், கிங்ஸ் கிராஸ், பயணச்சீட்டுக் கூடம், நகரும் படிக்கட்டு, அகழி விளைவு, ஃபென்னல் அறிக்கை.

முன்னுரை

தரைக்கு மேலுள்ள கட்டடத்தின் வரலாற்றை அதன் முகப்பைக் கொண்டே ஓரளவு ஊகித்துவிடலாம். தூணின் வடிவமும் செங்கல்லின் நிறமும் காலத்தைச் சொல்லும். நிலத்தடி நிலையத்திற்கு அவ்வாறான முகப்பு இல்லை. அதற்கு வெளித்தோற்றமே கிடையாது. உள்வழிகள் மட்டுமே உண்டு. ஒரு பாதை ஏன் திடீரென வளைகிறது, இரு நடைமேடைகளுக்கிடையே ஏன் இத்தனை நீண்ட நடைவழி, ஓரிடத்தில் மூன்று படிகள் மட்டும் ஏன் தேவைப்பட்டன என்னும் சிறு வினாக்களே அங்கு வரலாற்றுச் சான்றுகளாகின்றன. கிங்ஸ் கிராஸ் நிலையத்தை இவ்வகையில் அணுகுவதற்குக் கல்வெட்டாய்வுக்கு நிகரான பொறுமை வேண்டும். மேல் அடுக்கு பழையதாகவும் கீழ் அடுக்கு புதியதாகவும் இருப்பது ஒன்றே வேறுபாடு. அகழாய்வாளர் பழகிய வரிசை இங்குத் தலைகீழாகிறது.

இடத்தின் பின்புலம்

இன்று கிங்ஸ் கிராஸ் எனப்படும் பகுதி முன்பு பேட்டில் பிரிட்ஜ் என்று அழைக்கப்பட்டது. நான்காம் ஜார்ஜ் மன்னருக்கு 1830களில் அங்கு எழுப்பப்பட்ட நினைவுச் சின்னம் 1845இல் அகற்றப்பட்டது. சிலை போயிற்று, பெயர் நின்றது. அப்பகுதியின் அடியில் ஃப்ளீட் ஆறு மூடுகால்வாயாக ஓடிக்கொண்டிருந்தது; இன்றும் ஓடுகிறது.

நிலத்தடி இரயில் இங்கு வந்ததற்கான காரணம் தரைமேல் இரயிலின் வரலாற்றிலேயே உள்ளது. இலண்டனின் மையப் பகுதிக்குள் இரயில் முனையங்களை அனுமதிக்க வேண்டாம் என 1846இல் அரச ஆணையம் ஒன்று பரிந்துரைத்தது. ஆகவே வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த நிறுவனங்கள் நகரின் விளிம்பிலேயே நின்றன. யூஸ்டன் முனையம் அதற்கு முன்பே, 1837இல் திறக்கப்பட்டிருந்தது. லூயிஸ் கியூபிட் வடிவமைத்த கிங்ஸ் கிராஸ் முனையம் 1852இலும், அதனை அடுத்து மிட்லண்ட் நிறுவனத்தின் செயின்ட் பாங்கிராஸ் முனையம் 1868இலும் திறக்கப்பட்டன. நாட்டின் வடபகுதியிலிருந்து மணிக்கணக்கில் பயணம் செய்து வந்தவர், இறுதி இரண்டு மைல்களைக் குதிரை வண்டிகள் நெருக்கியடித்த சாலையில் கடக்க வேண்டியிருந்தது. முனையங்களைத் தம்முள்ளும், நகரின் வணிகப் பகுதியோடும் இணைக்கும் பாதை சாலைக்கு அடியில் செல்லட்டும் என்று இடைவிடாது வாதிட்டவர் நகரவையின் சட்ட அலுவலர் சார்லஸ் பியர்சன். பாதை திறக்கப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1862 செப்டம்பரில் அவர் காலமானார்.

முதல் அடுக்கு: 1863

மெட்ரோபாலிட்டன் இரயில்வே 1863 ஜனவரி 10 அன்று பாடிங்டனுக்கும் ஃபாரிங்டனுக்கும் இடையே பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. உலகின் முதல் நிலத்தடிப் பயணியர் இரயில் இதுவே. தலைமைப் பொறியாளர் ஜான் ஃபௌலர். சாலையை அகழியாக வெட்டி, பக்கச் சுவர்கள் எழுப்பி, செங்கல் வளைவால் மூடி, அதன்மேல் மீண்டும் சாலையிடும் 'வெட்டி மூடும் முறை' கையாளப்பட்டது. இம்முறையில் பாதை சாலையின் போக்கையே பின்பற்றியாக வேண்டும். சாலை இல்லாத இடத்தில் வீடுகளை இடிக்க வேண்டும். ஃப்ளீட் பள்ளத்தாக்கில் அவ்வாறு இடிக்கப்பட்டவை ஏழைகளின் குடியிருப்புகள். நில உரிமையாளருக்கு இழப்பீடு கிடைத்தது. வாடகைக்கு இருந்தவர் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த தெருவின் நெரிசலில் போய்ச் சேர்ந்தார். 1862 ஜூனில் ஃப்ளீட் கழிவுநீர்க் கால்வாய் உடைந்து பணியிடத்திற்குள் புகுந்ததும் இக்கட்டுமானத்தின் வரலாற்றில் பதிவான நிகழ்வே.

கிங்ஸ் கிராசின் முதல் நிலத்தடி நடைமேடைகள் இன்றைய இடத்தில் இல்லை. அவை கிழக்கே, பென்டன்வில் சாலையை ஒட்டி இருந்தன. நீராவி எஞ்சின்கள் ஓடிய காலம் ஆதலால் புகை வெளியேறத் திறப்புகள் தேவைப்பட்டன. 1868இல் மூர்கேட் நோக்கிச் செல்லும் பகுதியில் கூடுதலாக இரு தடங்கள் சேர்க்கப்பட்டு, 'அகலப்படுத்திய தடங்கள்' என்னும் பெயரைப் பெற்றன. கிரேட் நார்தன், மிட்லண்ட் நிறுவனங்களின் இரயில்கள் தத்தம் முனையங்களின் அடியிலிருந்து வளைந்து வந்து இத்தடங்களில் சேர்ந்தன. இரண்டாம் உலகப்போர்க் குண்டுவீச்சுக்கிடையே, 1941 மார்ச் 14 அன்று மெட்ரோபாலிட்டன் நடைமேடைகள் மேற்கே இன்றுள்ள இடத்திற்கு மாறின. ஆனால் பழைய இடம் கைவிடப்படவில்லை. அகலப்படுத்திய தடங்களின் நடைமேடைகள் 1983 முதல் 'கிங்ஸ் கிராஸ் மிட்லண்ட் சிட்டி' என்னும் பெயரில் இயங்கின. இந்தச் சிறு செய்தி பின்னர் உயிர்ப்பிரச்சினையாக மாறியது என்பதனால் இங்குச் சற்று விரித்துரைக்கப்படுகிறது.

ஆழ்குழாய்ப் பாதைகள்: 1906 – 1968

சுரங்கக் கேடயத்தைக் கொண்டு களிமண்ணைக் குடைந்து, இரும்பு வளையங்களால் குழாய்போல் அமைக்கும் முறையும் மின்னாற்றலும் சேர்ந்தபின் பாதைகள் சாலைக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. 1890இல் திறக்கப்பட்ட சிட்டி அண்டு சவுத் இலண்டன் இரயில்வே இதற்கு முன்னோடி. கிங்ஸ் கிராசுக்கு முதலில் வந்த ஆழ்குழாய்ப் பாதை, இன்று பிக்கடிலி எனப்படும் தடம். அமெரிக்க முதலீட்டாளர் சார்லஸ் யெர்க்சின் குழுமம் அமைத்த அப்பாதை 1906 டிசம்பர் 15 அன்று ஃபின்ஸ்பரி பார்க்கிற்கும் ஹாமர்ஸ்மித்திற்கும் இடையே தொடங்கியது. ஐந்து மாதங்களில், 1907 மே 12 அன்று, சிட்டி அண்டு சவுத் இலண்டன் நிறுவனம் தன் பாதையை ஏஞ்சலிலிருந்து யூஸ்டன்வரை நீட்டியபோது கிங்ஸ் கிராசிலும் நிறுத்தம் அமைத்தது. இதுவே இன்றைய நார்தன் தடம். இதன் சுரங்கங்கள் குறுகியவை. ஆகவே 1922இல் மூடப்பட்டு, அகலமாக்கப்பட்டு, 1924இல் மீண்டும் திறக்கப்பட்டன.

இரு நிறுவனங்கள், இரு நிலையங்கள், தனித்தனி மின்தூக்கிகள். போட்டியாளரின் பயணியைத் தன் தடத்திற்கு எளிதாக நடத்திச் செல்ல எந்த நிறுவனத்திற்கும் அன்று அவசரம் இருக்கவில்லை. 1933இல் இலண்டன் பயணியர் போக்குவரத்து வாரியம் அமைந்து அனைத்தும் ஒரே கையின்கீழ் வந்தபின்னரே நிலையத்தை ஒன்றாகக் கருதும் பார்வை தோன்றியது. அப்பார்வையின் பயன் 1939இல் திறக்கப்பட்ட புதிய பயணச்சீட்டுக் கூடம். கிங்ஸ் கிராஸ் முனையத்தின் முன்றிலுக்கு அடியில் அது அமைந்தது. மின்தூக்கிகள் நீக்கப்பட்டு, பிக்கடிலி தடத்திற்கு மூன்று நகரும் படிக்கட்டுகள் வந்தன. நார்தன் தடத்தை அடைய முதலில் பிக்கடிலி மட்டத்திற்கு இறங்கி, அங்கிருந்து மேலும் ஒரு தொகுதிப் படிக்கட்டுகளில் இறங்க வேண்டும். படிகளும் பக்கப் பலகைகளும் மரத்தாலானவை. அக்காலத்தில் அதுவே வழக்கம்.

1968 டிசம்பர் 1 அன்று விக்டோரியா தடம் இங்கு வந்து சேர்ந்தது. அதற்கெனத் தனி நகரும் படிக்கட்டுகள் அமைக்கப்பட்டன. ஆனால் அவற்றின் மேல்முனையும் 1939ஆம் ஆண்டுக் கூடத்திலேயே திறந்தது. நிர்வாக நோக்கில் இது குறையன்று, சிக்கனம். ஒரே கூடம், ஒரே சீட்டுச் சாளர வரிசை, தடம் மாறுவோர்க்குக் குழப்பமின்மை. 1906இல் நிறுவனப் போட்டியால் பிரிந்து கிடந்தவற்றை ஒன்றிணைத்தது பொதுத்துறையின் உண்மையான சாதனையும் ஆகும். அதே இணைப்பினால் மூன்று ஆழ்தடங்களின் பயணிகளும் வழக்கமாக மேலேறும் பாதைகள் யாவும் ஒரு கழுத்தில் வந்து முடிந்தன. கீழ்மட்டத்தில் எஞ்சியது ஒரு வழி மட்டுமே. பழைய மெட்ரோபாலிட்டன் இடத்திலிருந்த மிட்லண்ட் சிட்டி நடைமேடைகளுக்குச் செல்லும் நீண்ட நடைவழி அது.

1987 நவம்பர் 18

மாலை 7.30 மணி அளவில் பிக்கடிலி தடத்திலிருந்து மேலேறும் நான்காம் எண் நகரும் படிக்கட்டின் அடியில் தீயைக் கண்ட பயணி ஒருவர் சீட்டு அலுவலரிடம் தெரிவித்தார். போக்குவரத்துக் காவலரின் வானொலிக் கருவி நிலத்தடியில் வேலை செய்யாததால், தகவல் சொல்ல அவர் தெருவுக்கு ஏறி வர வேண்டியிருந்தது. தீயணைப்பு வீரர்களின் முதல் வண்டிகள் 7.42க்கு வந்தன. அப்போது தெரிந்தது அட்டைப்பெட்டி ஒன்று எரிவது போன்ற அளவான தீயே. 7.45க்குத் தீப்பிழம்பு ஒன்று படிக்கட்டு வழியே சீறிப் பாய்ந்து கூடம் முழுவதையும் நிரப்பியது. அதுவரை அத்தீயின்மேல் ஒரு துளி நீரும் விழவில்லை. படிக்கட்டின் அடியில் நீர்த்தூவல் கருவி பொருத்தப்பட்டிருந்தும், அதனை இயக்கப் பணியாளர்க்குப் பயிற்சி அளிக்கப்படவில்லை.

பயணிகள் வெளியேற்றப்பட்ட முறையில்தான் நிலைய அமைப்பின் பங்கு வெளிப்படுகிறது. பிக்கடிலி படிக்கட்டில் தீ இருந்ததால், கீழிருந்தவர்களைக் காவலர்கள் விக்டோரியா படிக்கட்டு வழியாக மேலே அனுப்பினர். அன்றைய நிலையில் அது அறிவார்ந்த முடிவே. எரியும் வழியைத் தவிர்த்து எரியாத வழியில் அனுப்புதல். ஆனால் எரியாத வழியும் எரியும் வழியும் ஒரே கூடத்தில் திறந்தன. தீப்பிழம்பு வந்தபோது அக்கூடத்தில் அவர்கள் இருந்தனர். மிட்லண்ட் சிட்டி வழியைத் தேடிச் சென்ற காவலரும், கடுமையாகத் தீக்காயமுற்ற ஒருவரும் அதன் முடிவில் இருந்த மடக்குக் கதவு பூட்டப்பட்டிருக்கக் கண்டனர். துப்புரவுப் பணியாளர் ஒருவர் வந்து திறக்கும்வரை அவர்கள் அங்கேயே நின்றனர். கீழே சிக்கிய பலரைக் காப்பாற்றியது இரயில்தான். விக்டோரியா தடத்தில் இரயில்களை நிறுத்தி அவர்களை ஏற்றிச் சென்றனர். அதே வேளையில், தீ தொடங்கியபின்னும் நிலையத்தில் நின்ற இரயில்கள் புதிய பயணிகளை இறக்கிக்கொண்டும் இருந்தன.

இறந்த 31 பேருள் சோகோ தீயணைப்பு நிலையத்தின் அலுவலர் காலின் டவுன்ஸ்லியும் ஒருவர். மூச்சுக் கருவியின்றிக் கூடத்தில் நின்று மக்களை வெளியேற்றிக்கொண்டிருந்த அவரது உடல், தெருவுக்கு ஏறும் படிகளின் அடியில், அவர் காப்பாற்ற முயன்றதாகக் கருதப்படும் பயணியின் அருகே கிடந்தது.

ஃபென்னல் விசாரணையும் அகழி விளைவும்

டெஸ்மண்ட் ஃபென்னல் தலைமையிலான பொது விசாரணை 1988இல் 91 நாட்கள் நடைபெற்றது. அறிக்கை அவ்வாண்டு நவம்பரில் வெளிவந்து 157 பரிந்துரைகளை முன்வைத்தது. தீயின் தொடக்கம் ஓரளவு எளிதாக நிறுவப்பட்டது. 1985 பிப்ரவரி முதலே நிலத்தடி நிலையங்களில் புகைபிடித்தல் தடைசெய்யப்பட்டிருந்தும், வெளியே செல்வோர் படிக்கட்டில் நின்றபடியே சிகரெட்டைப் பற்றவைப்பது வழக்கமாக இருந்தது. எரியும் தீக்குச்சி ஒன்று படிக்கும் பக்கப் பலகைக்கும் இடையிலுள்ள இடைவெளியில் விழுந்து, ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கிலும் பஞ்சுத் தூசியிலும் பற்றியது. படிக்கட்டின் அடியில் வேறு பல இடங்களிலும் பழைய கருகல்கள் காணப்பட்டன. அதாவது இதே தீ முன்பும் பலமுறை தொடங்கித் தானே அணைந்திருந்தது.

விளங்காமல் இருந்தது பிழம்பின் வேகமே. கூரையில் அடுக்கடுக்காகப் பூசப்பட்டிருந்த பழைய வண்ணப்பூச்சின்மேல் முதலில் ஐயம் எழுந்தது. இரயில்கள் தள்ளிவரும் காற்றும் காரணமாகக் கருதப்பட்டது. ஹார்வெல் ஆய்வகத்தின் கணினி உருவகிப்பு வேறொன்றைக் காட்டியது. 30 பாகைச் சரிவும் இருபுறச் சுவர்களும் கொண்ட படிக்கட்டு ஓர் அகழியாகச் செயல்பட, சுவாலை மேல்நோக்கி எழாமல் படிகளின்மீதே படுத்துத் தவழ்ந்து, மேலுள்ள படிகளைச் சூடேற்றி, ஒரு கட்டத்தில் பீறிட்டு வெளியேறுகிறது. நெருப்பு மேல்நோக்கியே எழும் என்பது எல்லோரும் அறிந்த பொது உண்மை ஆதலால் வல்லுநர்கள் பலர் இதனைக் கணக்குப் பிழையெனவே எண்ணினர். பக்ஸ்டனில் மூன்றில் ஒரு பங்கு அளவில் அமைத்த மாதிரியை எரித்துப் பார்த்தபோது சுவாலை கணினி சொன்னபடியே படுத்தது. 'அகழி விளைவு' என்னும் கருத்தாக்கம் தீயியலில் இடம்பெற்றது இவ்வாறே. வண்ணப்பூச்சு பிழம்பிற்குத் துணைசெய்தது, தோற்றுவாய் அதுவன்று.

அறிக்கை தனிமனிதர் எவர்மீதும் பழிசுமத்தி ஓயவில்லை என்பது அதன் சிறப்பு. நிறுவனத்தின் மனப்போக்கையே அது குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. அதற்கு அது காட்டிய சான்றுகளுள் ஒன்று மொழி சார்ந்தது. தமிழ் ஆய்வாளர்க்குத் தனி ஈடுபாடு தரக்கூடியது. நகரும் படிக்கட்டில் ஏற்படும் தீயைத் 'தீ' என்று சொல்லாமல் 'புகைச்சல்' என்னும் பொருள்தரும் சொல்லால் குறிப்பது அந்நிறுவனத்தின் அலுவலக வழக்கமாக இருந்தது. இடக்கரடக்கல் என இலக்கணம் கூறுவது அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்வது. இங்கு மறைக்கப்பட்டது தகாத சொல்லன்று, ஆபத்து. புகைச்சலுக்குத் தீயணைப்புப் படையை அழைக்க வேண்டியதில்லை. புகைச்சலுக்கு நிலையத்தைக் காலிசெய்ய வேண்டியதில்லை. அதுவரை படிக்கட்டுத் தீயில் ஒருவரும் இறக்கவில்லை என்பதும் அச்சொல்லுக்கு வலுச்சேர்த்தது.

எனினும் அறிக்கையைப் பின்வந்தோர் படித்த முறையில் ஒரு சாய்வு உண்டு. பாதுகாப்பு மேலாண்மைப் பாடங்களில் கிங்ஸ் கிராஸ் நிறுவனப் பண்பாட்டின் தோல்விக்கு எடுத்துக்காட்டாக நிலைபெற்றுவிட்டது. அது சரியே, ஆனால் முழுமையன்று. நன்கு பயிற்சி பெற்ற பணியாளர் இருந்திருப்பினும், பிக்கடிலி படிக்கட்டு அடைபட்ட நொடியில் அவர் காட்டியிருக்கக்கூடிய மாற்றுவழிகள் இரண்டு மட்டுமே: அதே கூடத்திற்குச் செல்லும் விக்டோரியா படிக்கட்டு, பூட்டிய கதவில் முடியும் நடைவழி. இந்நிலையை உருவாக்கியவர் 1987இல் பணியிலிருந்த எவருமல்லர். 1907, 1939, 1968 ஆகிய ஆண்டுகளில் தனித்தனியே எடுக்கப்பட்ட, தனித்தனியே நியாயமான முடிவுகளின் கூட்டுவிளைவு அது.

விபத்திற்குப் பிந்திய அமைப்பு

புகைபிடித்தலுக்கான தடை ஐந்து நாட்களுக்குள், நவம்பர் 23 அன்று படிக்கட்டுகள் உட்பட நிலத்தடி இரயில் வலையமைப்பு முழுமைக்கும் நீட்டிக்கப்பட்டது. இலண்டன் போக்குவரத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த இருவர் பதவி விலகினர். தரைமட்டத்திற்குக் கீழுள்ள நிலையங்களுக்கான தீப்பாதுகாப்பு விதிகள் 1989இல் நடைமுறைக்கு வந்தன. சொல்லளவில் எளிதான இவை விரைந்து நிகழ்ந்தன. நிலையத்தின் வயிற்றைத் திறந்து வழிகளைப் பிரிப்பதற்கோ இருபது ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று. விரிவாக்கத்திற்கு அதிகாரமளிக்கும் சட்டம் 1993இல் இயற்றப்பட்டும், பணி உண்மையில் உருப்பெற்றது கால்வாய்ச் சுரங்க இரயில் செயின்ட் பாங்கிராசுக்கு வருவது உறுதியானபின்னரே. பாரிஸ் பயணி வரவிருக்கிறார் என்றதும் கிடைத்த பணம், 31 பேர் இறந்தபோது கிடைக்கவில்லை என்று கடுமையாகச் சொல்பவர்களை முற்றிலும் மறுத்துவிட இயலாது.

மேற்குப் பயணச்சீட்டுக் கூடம் செயின்ட் பாங்கிராசின் முன்புறத்தில் 2006இலும், வடக்குக் கூடம் 2009 நவம்பரிலும் திறக்கப்பட்டன. வடக்குக் கூடத்திலிருந்து ஆழ்தடங்களுக்குப் புதிய நகரும் படிக்கட்டுகளும் மின்தூக்கிகளும் இறங்குகின்றன. இன்று ஆழ்தடங்களில் ஒன்றிலிருந்து மேலேறுபவர் ஒரே கூடத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை. இதற்கு ஈடாக நடைவழிகள் நீண்டுவிட்டன. வழிகாட்டிப் பலகைகள் தம்மைச் சுற்றி அழைத்துச் செல்வதாகப் பயணிகள் குறைகூறுவது உண்டு. மிட்லண்ட் சிட்டி நடைமேடைகள் 1988 முதல் 'கிங்ஸ் கிராஸ் தேம்ஸ்லிங்க்' எனப் பெயர்மாறி இயங்கி, 2007 டிசம்பரில் மூடப்பட்டன. கூடத்தில் நினைவுப் பலகையும் கடிகாரமும் வைக்கப்பட்டுள்ளன.

மரத்தாலான நகரும் படிக்கட்டுகள் நிலத்தடி நிலையங்களிலிருந்து படிப்படியாக அகற்றப்பட்டன. ஒன்று மட்டும் தப்பியது. மேற்கு இலண்டனின் கிரீன்ஃபோர்டு நிலையத்தில் நடைமேடை தெருவுக்கு மேலே உயர்ந்துள்ளது. அங்குப் படிக்கட்டு பயணியை மேல்நோக்கி ஏற்றிச் செல்கிறது. 1989ஆம் ஆண்டு விதிகள் தரைமட்டத்திற்குக் கீழுள்ள நிலையங்களுக்கே உரியவை ஆதலால், அந்த மரப்படிகள் 2014வரை ஓடிக்கொண்டிருந்தன.